கடன் இல்லாத மாப்பிள்ளை

சிவபிரகாஷ் லாரியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்த இரண்டாவது மாதமே, ஆள் நொடித்துப்போய்விட்டான் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். நாமக்கல்லில் லாரிக்காரன் லாரியை விற்றால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, புது லாரி எடுக்கப்போகிறான். இல்லையென்றால் பைனான்ஸ்காரன் கழுத்தைப் பிடித்துவிட்டான். தை மாதம் வண்டி கைமாறியபோது எல்லாரும் முதல் காரணத்தை நினைத்துக்கொண்டு, அடுத்து என்ன மாடல் எடுக்கிறீர்கள் என்று சிரித்தபடி விசாரித்தார்கள். மாசி முடிந்தும் வாசலில் எந்த வண்டியும் வந்து நிற்கவில்லை என்றதும் விசாரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாற்பத்தொரு வயது மனுஷன், கைகால் திடமாக இருக்கும்போதே, சம்பாதித்தது போதும் என்று நிறுத்திக்கொண்டான் என்றால் யார் நம்புவார்கள்?

அவன் மனைவி தனப்பிரியாவுக்குத்தான் அது தெரியும். அவளும் சேர்ந்து போட்ட திட்டம் அது. கல்யாணமாகி அவள் வந்தபோது அந்த வீட்டில் லாரித் தவணை ஒன்றுதான் கடன் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றரை வருஷத்தில் மாமனார் தவறிப்போனார். காரியம் முடிந்த மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்கள். மாமனார் கூட்டாளி ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். கூட்டாளி ஊரைவிட்டே போய்விட்டார். சாகும்வரை அதைப் பற்றி மாமனார் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அதன்பிறகு சம்பளத்துக்கு வைத்திருந்த இரண்டு டிரைவர்களில் ஒருவரை நிறுத்திவிட்டு சிவபிரகாஷே ஸ்டியரிங் பிடித்தான். தனப்பிரியா பழைய டயரைப் புதுப்பிக்கும் ரீட்ரெடிங் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலைக்குப் போனாள். அவள் அப்பா கல்யாணத்துக்குப் போட்ட ஆரத்தை அடகு வைத்து லாரிக்கு இன்ஜின் வேலை பார்த்தார்கள். கைக்குழந்தையாக இருந்த மகள் தன்விகாவைப் பக்கத்துப் போர்ஷன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். தீபாவளிக்குத் துணி, திருவிழாவுக்குச் செலவு, ஒறம்பரை, சொந்தபந்தம் வீட்டு விசேஷங்களில் சீர்செய்வது என்று எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டார்கள். கஞ்சப் பிசினாறி என்று அவர்களுக்கு அப்போதே பெயர் விழுந்துவிட்டது.

கடன் பாதி தீர்ந்திருந்த சமயத்தில்தான் கண்ணுசாமி இறந்தார். சிவபிரகாஷோடு மாற்றி மாற்றி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆந்திராவில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் படுத்தார். எழுப்பப்போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஊருக்கு வந்ததும் சிவபிரகாஷ் ஒரு வாரம் வண்டியை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் மனைவியிடம், கடன் தீர்ந்த பிறகும் இதே சிக்கனத்தில் இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டிவிட்டால் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டான். அவள் யோசிக்கக்கூட இல்லை. சரி என்றாள்.

அப்படியே செய்தார்கள். கடைசித் தவணை கட்டி முடித்த அடுத்த மாதம், அதே தேதியில், அதே தொகையைத் தங்கள் பேரில் போட ஆரம்பித்தார்கள். ஆரத்தை மீட்டார்கள். மாமனார் விட்டுப்போன சின்ன இடத்தில், சுவரோடு சுவராக மூன்று வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். தாங்கள் மட்டும் மோகனூர் ரோட்டில் பழைய வாடகைப் போர்ஷனிலேயே இருந்துகொண்டார்கள். மீதியைத் தபால் ஆபீசிலும் மியூச்சுவல் பண்டிலும் போட்டு வைத்தார்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை. கையில் காசிருக்கிறது என்று தெரிந்தால் மறுநாளே யாராவது கைமாற்று கேட்பார்கள், இல்லை ஜாமீனுக்குக் கூப்பிடுவார்கள். கடன் கொடுப்பதில்லை, யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்று இரண்டு பேரும் உறுதியாக இருந்தார்கள். அதற்கு ஒரே வழி, இருப்பதை இல்லாத மாதிரி வைத்துக்கொள்வதுதான்.

இல்லாத மாதிரி இருந்தது இப்போது வினையாக வந்து நின்றது.

பத்து வருஷம் வண்டியோட்டியதில் சிவபிரகாஷுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது அலுப்பாக இருந்ததால் ஒரு சைக்கிள் வாங்கினான். அதில் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனான். போன மாதம்வரை பதினாறு சக்கர லாரிக்குச் சொந்தக்காரனாக இருந்தவன் சைக்கிள் மிதிப்பதைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உழவர் சந்தையில் பையைத் தூக்கிக்கொண்டு நின்று கத்தரிக்காய் பொறுக்கினான். லாரிக்காரர்கள் கூடும் டீக்கடைக்குப் போனால் பேச்சுக் குறைந்தது. அவன் காசு எடுப்பதற்குள் யாராவது முந்திக்கொண்டு அவன் டீக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவன் அதை நட்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

தனப்பிரியாவின் கழுத்து இன்னொரு சாட்சி. போன வருஷம் அதே தெருவில் பைக்கில் வந்தவர்கள் ஒரு பெண்ணின் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனதிலிருந்து, அவள் தங்கக் கொடியை லாக்கரில் வைத்துவிட்டுத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தாள். அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை. இன்றைக்கு எல்லார் கண்ணும் அங்கேதான் போயிற்று.

மளிகைக்கடைக்காரர் வெகு தயக்கத்தோடு, இந்த மாதத்திலிருந்து அப்பப்ப ரொக்கமாக வாங்கிக்கொண்டால் இரண்டு பேருக்கும் சிரமமிருக்காது என்றார். கம்பெனி முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, இரண்டு மாதச் சம்பளத்தை முன்பணமாக வாங்கிக்கொள்கிறாயா என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்றதும் எவ்வளவு ரோசம் என்கிற மாதிரி அவளைப் பார்த்தார். வரும் வருஷத்தில் வேலையை விட்டுவிடலாம் என்றிருந்த அவள், கதவைத் திறந்துகொண்டு தன் மேசைக்குத் திரும்பினாள்.

இத்தனை பேர் ஒரே மாதிரி நினைத்தால் மனசு சும்மா இருக்குமா? ஒருநாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கே பயம் புகுந்தது. மாமனாரும் யாரிடமும் சொல்லாமல்தானே இருந்தார். இவரும் எங்கேயாவது கையெழுத்துப் போட்டுவிட்டு, அதைக் கட்டத்தான் லாரியை விற்றாரோ? விற்ற பணம் வங்கிக்கு வந்ததை அவளே பார்த்திருந்தாள். தவணை ஒவ்வொன்றும் அவள் கையால் கட்டியது. அப்படியிருந்தும் பயம் போகவில்லை. சிவபிரகாஷ் அடுப்படியில் பயறு கடைந்துகொண்டிருந்தான். அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏனுங்க, எனக்குத் தெரியாம எங்கியாச்சும் ஏதாச்சும் கொடுக்க வேண்டியது இருக்குதுங்களா?"

அவன் கோபித்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் மத்தை வைத்துவிட்டு அடுப்பைத் தணித்தான்.

"இல்ல. ஆனா எனக்கே சில நாள் அப்படித்தான் இருக்குது. காலைல எந்திரிக்கறப்போ இன்னைக்குத் தவணைத் தேதின்னு நெஞ்சு அடிச்சுக்குது. முகம் கழுவுனதுக்கப்புறம்தான் ஒண்ணுமில்லேன்னு ஞாபகம் வருது."

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பேரும் இதுவரை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அதைப் பேசிச் சிரித்த பிறகு அவள் பயம் போய்விட்டது.

அவள் அண்ணன் ஆனந்தகுமாரின் சந்தேகம் மட்டும் போகவில்லை. அவனுக்கு மோகனூருக்கு அந்தப்பக்கம் கோழிப்பண்ணை. முட்டைக் கோழி, இரண்டு ஷெட், பெரிய வெள்ளைக் கார். பங்குனி பிறந்ததிலிருந்து நாலைந்து முறை போன் பண்ணிவிட்டான். எப்போது பேசினாலும் ஒரே கேள்விதான். "மறைக்காமச் சொல்லு அம்மிணி, மாப்ளைக்கு மொத்தம் எவ்வளவு ஆகிப்போச்சு?" ஒன்றுமில்லை என்றால் பெருமூச்சு விட்டுவிட்டு வைத்துவிடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். கம்பெனியில் வேலையாக இருந்தபோது அண்ணன் மனைவி அனிதாவிடமிருந்து போன் வந்தது. அனிதா அப்படி வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. முதலில் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றாள். பிறகு, உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் செய்ய வேண்டியதுதான், அதை நான் குறையாகச் சொல்லவில்லை என்றாள். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள். தனப்பிரியாவின் அப்பா செங்கோட்டையன், ராஜவாய்க்கால் ஓரத்துத் தென்னந்தோப்பை விற்பதற்குப் பரமத்தி வேலூரில் ஒரு பைனான்ஸ்காரரிடம் பேசி முடித்துவிட்டார். மாப்பிள்ளையின் கடனை அடைக்கத்தான். இன்றைக்கு அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸ் வாங்குகிறார்கள். அப்பாவும் ஆனந்தகுமாரும் காலையிலேயே கிளம்பிப் போயாயிற்று. எங்கள் குழந்தைகளுக்கும் அந்தத் தோப்பில் பாகம் இருக்கிறது, ஒரு வார்த்தை எங்களிடமும் கேட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தனப்பிரியா அப்பாவுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணனுக்குப் போட்டாள். கட் பண்ணினான். மறுபடி போட்டாள். சுவிட்ச் ஆப். அப்புறம் சிவபிரகாஷைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிட்டு, முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தலையாட்டினார். ஜப்திக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

அவளுடைய ஸ்கூட்டரை சிவபிரகாஷ் ஓட்ட, பரமத்தி வழியாக வேலூருக்கு விரட்டினார்கள். வெயில் தார் ரோட்டில் அலையடித்தது. வழியெல்லாம் அவள் அந்தத் தோப்பையே நினைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவிடம் இருந்ததில் தண்ணீருக்குக் கஷ்டப்படாத ஒரே நிலம் அது. மற்றதெல்லாம் மழையை நம்பிய மேட்டுக்காடு. யாருக்கும் சொல்லாமல் சிக்கனம் பிடித்ததன் விலை அதுவாகிவிடக் கூடாதே என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரில், பத்திரம் எழுதுகிறவரின் கடையில் அப்பாவும் அண்ணனும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சலவை வேட்டி கட்டி, துண்டை மடித்துத் தோளில் போட்டிருந்தார். பைனான்ஸ்காரர் தன் காரில் ஏசி போட்டுக்கொண்டு காத்திருந்தார். கரண்ட் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. அக்ரிமென்ட் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. இன்னும் காகிதத்தில் வரவில்லை.

மகளையும் மருமகனையும் வாசலில் பார்த்ததும் செங்கோட்டையன் பதறி எழுந்தார். ஆனந்தகுமார் எழுந்திரிக்கவில்லை.

"மாப்ளைங்க எதுக்குங்க இந்த வெயில்ல? நாங்க பார்த்துக்கறமுங்க. உங்களுக்குத் தெரியாமயே முடிச்சுப்போடலாம்னுதான் இருந்தமுங்க."

சிவபிரகாஷ் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, நான் யாருக்கும் ஒரு ரூபாகூடக் கொடுக்க வேண்டியதில்லீங்க. தோப்பை விக்காதீங்க" என்றான்.

அவர் அவனைப் பரிவோடு பார்த்தார். மானமுள்ள மனுஷன் இப்படித்தான் சொல்வான் என்று அவருக்குத் தெரியும். மகள் பக்கம் திரும்பினார். அவர் பார்வை அவள் கழுத்துக்குப் போய் நின்றது.

"உன்ற கொடி எங்க சாமி?"

"லாக்கர்ல இருக்குதுங்கப்பா."

"ஆரம்?"

"அதும் அங்கதான் இருக்குது."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் அப்பா, குழந்தை சொல்லும் பொய்யை ஒத்துக்கொள்கிற மாதிரி. பிறகு பத்திரம் எழுதுகிறவரிடம், கரண்ட் எப்போது வருமாம் என்று விசாரித்தார்.

தனப்பிரியா அவர் கையைப் பிடித்தாள். பெரியவளான பிறகு அப்பாவின் கையை அவள் அப்படிப் பிடித்ததில்லை. "இப்பவே வாங்க. பேங்க் சாத்தறதுக்குள்ள போலாம். நகை எல்லாத்தையும் உங்க கண்ணுல காட்டறேன். அதுல ஒண்ணு குறைஞ்சாலும் திரும்பி வந்து கையெழுத்துப் போடுங்க, நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

அவர் மகனைப் பார்த்தார். ஆனந்தகுமார், பார்ட்டி காத்திருக்கிறது, இன்றைக்கு விட்டால் விலையைக் குறைப்பான் என்று தரையைப் பார்த்தபடியே சொன்னான். செங்கோட்டையன் மகள் பக்கம் திரும்பித் தலையாட்டினார். பிறகு காரில் இருந்தவரிடம் போய்க் கும்பிட்டுவிட்டு, ஒரு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார்.

அண்ணன் காரில் அவளும் அப்பாவும் வந்தார்கள். சிவபிரகாஷ் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். வங்கியில் லாக்கர் அறைக்குள் அவளை மட்டும்தான் விட்டார்கள். அப்பா வெளியே இரும்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் ஒரு டிபன் பாக்சில் போட்டு, துணிப்பைக்குள் வைத்து எடுத்து வந்தாள். அங்கேயே திறக்கலாம் என்று தோன்றியது. கூட்டம் இருந்ததால் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

வீட்டில் பாய் விரித்து, அதன்மேல் துண்டைப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கொடி, வளையல்கள், தோடு, நெக்லஸ், கடைசியாக ஆரம். செங்கோட்டையன் ஆரத்தை மட்டும் கையில் எடுத்தார். சேலத்தில் மூன்று கடை ஏறி இறங்கி அவரே பார்த்து வாங்கியது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்துக் கொக்கியை விரலால் தடவினார். அது அடகுக்குப் போன செய்தி மட்டும்தான் அவருக்குத் தெரியும். மீட்ட செய்தியை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"எப்ப மீட்டீங்க?"

"நாலு வருஷமாச்சுங்கப்பா."

அவர் ஆரத்தைத் துண்டின்மேல் வைத்தார். சுவரில் சாய்ந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று தனப்பிரியா எதிர்பார்த்தாள். அவரோ, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பத்துப் பதினைந்து நாளாகச் சோறு இறங்கவே இல்லை, மகள் நடுத்தெருவில் நிற்கிற மாதிரியே கண்ணுக்குத் தெரிகிறது என்றார். சிவபிரகாஷ் காலையில் ஆக்கிவைத்திருந்த அரிசியும் பருப்பும் சாதம் இருந்தது. சூடுபண்ணி, நெய் விட்டு, தட்டில் போட்டுக் கொடுத்தான். மாமனார் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஆக்கியது மாப்பிள்ளை என்று தெரிந்ததும் கொஞ்சம் சங்கடப்பட்டார். ஆனாலும் மூன்றாவது தடவை வாங்கியது அதற்கப்புறம்தான்.

ஆனந்தகுமார் சாப்பிடவில்லை. வேலையிருக்கிறது என்று சொல்லி, வெளியே காரில் போய் உட்கார்ந்துகொண்டான்.

சாப்பிட்டு முடித்த பிறகு செங்கோட்டையனுக்கு அடுத்த கவலை வந்தது. கடனில்லை என்பது சரி. அப்படியென்றால் எதற்காக லாரியை விற்க வேண்டும்? உடம்புக்கு ஏதாவதா? சிவபிரகாஷ் முதல் தடவையாக எல்லாவற்றையும் அவரிடம் சொன்னான். கண்ணுசாமி இறந்ததையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை வண்டியைக் கிளப்பும்போதும் உள்ளங்கை வேர்த்ததையும் சொன்னான். தனப்பிரியாவுக்கே அந்த வேர்த்த கதை புதுசு. வீட்டு வாடகை வருகிறது, போட்டுவைத்ததிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை வருகிறது என்றான். "எங்க மூணு பேர் செலவுக்கு அது போதுமுங்க மாமா."

"போதுமுங்களா?" என்று அவர் அந்தச் சொல்லையே திருப்பிக் கேட்டார். லாரிக்காரன் எவனும் அந்தச் சொல்லைச் சொல்லி அவர் கேட்டதில்லை. பிறகு, இதை முன்னாடியே சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனே சாமி என்று மகளிடம் சொன்னார். அதில் கோபம் இல்லை. அங்கேயே துண்டை விரித்துக் கொஞ்ச நேரம் படுத்தெழுந்து, பைனான்ஸ்காரருக்குத் தானே போன் போட்டு, தோப்பு விற்பனைக்கு இல்லை என்று சத்தமாகச் சொன்னார். அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வெள்ளைக் கார் மறுபடி வாசலில் வந்து நின்றது. ஆனந்தகுமார் மட்டும் தனியாக இறங்கினான். ஜன்னல் வழியாகத் தனப்பிரியா அவனைப் பார்த்தாள். வந்துவிட்டது என்று நினைத்தாள். கையில் காசிருப்பது தெரிந்துவிட்டது, கேட்கப்போகிறான். கடன் கொடுப்பதில்லை, கையெழுத்துப் போடுவதில்லை என்று பத்து வருஷமாக வைத்திருந்த உறுதியைக் கூடப்பிறந்த அண்ணன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமே. எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் சரியாக இல்லை.

அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். தாடி நாலு நாள் வளர்ந்திருந்தது. தன்விகா வந்து மாமா என்று மடியில் சாய்ந்ததற்குத் தலையைத் தடவிக் கொடுத்தான். சிவபிரகாஷ் மகளைப் பக்கத்துப் போர்ஷனுக்கு விளையாட அனுப்பினான்.

"மாப்ள, நீங்க எப்படி நிறுத்துனீங்க?" என்றான் ஆனந்தகுமார்.

அவன் கேட்டது அதுதான். பிறகு, யாரும் கேட்காமலேயே, அவன் கொடுக்க வேண்டியதையெல்லாம் வாயாலேயே சொல்ல ஆரம்பித்தான். பேங்க், தீவனக்காரர், கார் தவணை, ஏலச்சீட்டு, கடைசியாக வட்டி அதிகமாக வாங்கும் ஒரு தனியாள். முட்டை விலை இறங்கிய மாதங்களில் ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கி, அதை அடைக்க மூன்றாவது என்று போயிருந்தது. அனிதாவுக்குப் பாதிகூடத் தெரியாது. மாப்பிள்ளை நொடித்துப்போய்விட்டார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே அவன் நம்பிவிட்டானாம். தன் நிலைமை அப்படி இருந்ததால் அடுத்தவனுக்கு வேறு விதமாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"தோப்பை விக்கச் சொல்லி அப்பாவைத் தூண்டிவிட்டது நான்தான்" என்றான். "உனக்குக் கொடுத்தது போக மீதியை எனக்குக் கேக்கலாம்னு இருந்தேன் அம்மிணி. உன்ற பேரைச் சொல்லித்தான் கேக்க முடிஞ்சது. என்ற பேரைச் சொல்ல வாய் வரலை."

தனப்பிரியாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அனிதா போனில் சொன்னதும், அப்பா சோறு இறங்காமல் கிடந்ததும் ஞாபகம் வந்தன. ஆனாலும் அவன் அதைத் தானாகவே சொல்லிவிட்டது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அவளுடைய மாமனார் கடைசிவரை செய்யாமல் போன காரியம் அது. இவன் செய்துவிட்டான். அப்படியென்றால் இவனுக்கு வழியிருக்கிறது.

அவன் பணம் கேட்கவில்லை. அவள் காத்துக்கொண்டே இருந்தாள். கடைசிவரை கேட்கவில்லை. கோழித் தீவனமும் முட்டை விலையும் எனக்குத் தெரியும், நிறுத்துவது எப்படி என்றுதான் தெரியவில்லை என்றான்.

சிவபிரகாஷ் அவனிடம் ஒவ்வொன்றாக விசாரித்தான். இரண்டாவது ஷெட்டில் இருக்கும் கோழிகளுக்கு என்ன வயசு, கறிக்குக் கழித்துவிட்டால் என்ன தேறும், காரை விற்றால் கடன் போக ஏதாவது மிஞ்சுமா என்று கேட்டான். முதலில் அந்தத் தனியாள் கணக்கை முடிக்க வேண்டும், மற்றவர்களிடம் தவணை கேட்கலாம் என்றான். ஆனந்தகுமாருக்கு அவர்கள் முன்னால் போய் நிற்கவே கூச்சமாக இருந்தது. ஒருத்தரிடம் விஷயம் கசிந்தால் எல்லாரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள் என்று பயந்தான்.

"நான் கூட வாரேனுங்க மச்சான். எல்லாருகிட்டயும் சேர்ந்தே போலாம். எங்கிட்ட பணம் எடுத்துக் கொடுக்க இல்ல. நேரம் இருக்குது. எந்த நாள் வேணும்னாலும் வாரேன்."

ஆனந்தகுமார் குனிந்தபடியே தலையாட்டினான். இன்றைக்கே அனிதாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தனப்பிரியா சொன்னாள். அது மட்டும் அவள் போட்ட நிபந்தனை. அதற்கும் தலையாட்டினான்.

அதன்பிறகு நடந்தவை முடிய மாதக்கணக்காயிற்று. இரண்டு மச்சான்மாரும் பேங்குக்கும் தீவனக்காரரிடமும் அலைந்தார்கள். சில இடங்களில் மரியாதையாகப் பேசினார்கள், சில இடங்களில் இல்லை. கார் போயிற்று. இரண்டாவது ஷெட் காலியாயிற்று. தனியாள் கணக்கு ஆடிக்குள் முடிந்தது. அனிதா ஒரு வாரம் புருஷனோடு பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் முட்டைக் கணக்கைத் தானே பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். மீதிக் கடன் இன்னும் சில வருஷத்துக்கு இருக்கும். ஆனால் எவ்வளவு, யாருக்கு, எதுவரை என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதெல்லாம் பின்னால். அந்த ஞாயிற்றுக்கிழமை, பேசி முடித்த பிறகு ஆனந்தகுமார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சிவபிரகாஷ் சமையலுக்கு வெங்காயம் உரிக்கப் போனான். தனப்பிரியா அண்ணனுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது, அவன் அப்படியே சரிந்து, வெறும் தரையில், கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போயிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. சட்டைப்பையில் இருந்த போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் அதை மெல்ல உருவி எடுத்து, அடுப்படியில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவன் தலைக்குக் கீழே தள்ளினாள். அவன் விழிக்கவில்லை.

விளையாடப் போயிருந்த தன்விகா ஓடிவந்து, மாமாவுக்குக் காய்ச்சலா என்று கேட்டாள்.

"இல்ல சாமி. தூங்கறாரு" என்றாள் தனப்பிரியா. ஆறிக்கொண்டிருந்த காபியைத் தானே எடுத்துக் குடித்தாள்.